பெரிய தொட்டிக்காரர்

மனிதர்களில் பெரிய தொட்டிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது மிகவும் சுலபம். உங்கள் வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே நான்கு பக்கமும் ஒரு சுற்றுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "கொஞ்சம் நெருக்கமா இருக்கே" என்று யார் சொல்கிறாரோ அவர்தான். எது நெருக்கமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லாமும்தான். உங்கள் அலமாரியில் புத்தகங்கள் நெருக்கமாக இருக்கின்றன, நீங்கள் பார்க்கும் வேலை உங்கள் திறமைக்கு நெருக்கமாக இருக்கிறது, உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளி அதன் மூளைக்கு நெருக்கமாக இருக்கிறது, நீங்கள் போட்டிருக்கும் சட்டை வயிற்றருகே நெருக்கமாக இருக்கிறது. கடைசியாகச் சொன்னது உண்மைதான். ஆனாலும் அதை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

இவர் கெட்டவரா? இல்லவே இல்லை. கெட்டவராக இருந்தால் வாசலோடு பேசி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், அன்றோடு பிரச்சினை தீர்ந்தது. இவர் புறம் பேசமாட்டார். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக மருத்துவமனையில் போய் நிற்பார். நின்று, நோயாளிக்கு இதைவிடப் பெரிய அறை கிடைக்குமா என்று விசாரிப்பார். தன்னைச் சுற்றியுள்ள எல்லாரும் எல்லாமும் நன்றாக வளர வேண்டும் என்ற ஆசை அவர் மனத்தில் பொங்கி வழிகிறது. வழிந்தால் யார்மேல் கொட்டும்? பக்கத்தில் இருப்பவர்மேல்தான்.

எனக்குத் தெரிந்த பெரிய தொட்டிக்காரர் ஒருவர், வண்டி உதிரிபாகங்கள் அடுக்கிய கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு ஹாலும் கொண்ட வீட்டில் மனைவியோடும் மகளோடும் குடியிருக்கிறார். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஒரு மெஷினும் ஒரு ஸ்டூலும் போட்டால் மூன்றாவதாக ஓர் ஆள் நிற்க முடியாத கடையில், ஒரு தையல்காரர் நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தார். "உங்க கைக்கு இந்தக் கடை பத்துமாங்க?" என்று மூன்று மாதம் நாள் தவறாமல் கேட்டுக் கேட்டு, நம்மவர் அவரைப் பெரிய சாலையில் கண்ணாடி போட்ட கடைக்குக் குடியேற்றினார். பழைய வாடிக்கையாளர்கள் கண்ணாடியைப் பார்த்து, இது நமக்கான கடை இல்லை என்று நடையைக் கட்டினார்கள். புதியவர்கள் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு நடையைக் கட்டினார்கள். எட்டாவது மாதம் தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு பழைய பொந்துக்கே வந்து சேர்ந்தார். "பழகிக்கிறதுக்குள்ள அவசரப்பட்டுட்டாரு" என்பது நம்மவர் வழங்கிய தீர்ப்பு.

மகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் ஒரு தோழி கிடைத்து, இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டைப் பங்கு போடத் தொடங்கும் நேரம் பார்த்து இன்னும் பெரிய பள்ளி ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார். மூன்று பள்ளி, மூன்று தோழி. ஒவ்வொரு முறையும் அவள் அழுவாள், ஒவ்வொரு முறையும் அவர் தலையைத் தடவி ஒரே வார்த்தையைச் சொல்லுவார்: "பழகிக்கும்."

சரி, இவ்வளவு பேரைத் தொட்டி மாற்றியவர் தன்னையும் நாலைந்து முறை மாற்றிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இருபத்திரண்டு வருஷமாக அதே கிடங்கில், அதே ஜன்னலோரத்தில், ஒரு கால் ஆடும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் தலைசுற்றல் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டீ குடிக்க விளிம்பு உடைந்த பீங்கான் கப் ஒன்று வைத்திருக்கிறார். அது கழுவும்போது இடம் மாறிப்போனால்கூட அன்று முழுக்க முகம் சரியாக இருக்காது. பெரிய தொட்டி என்பது எப்போதும் அடுத்தவருக்குத்தான். இதுதான் இந்த இனத்தின் முதல் இலக்கணம்.

அந்த வீட்டில் அவர் கை படாத ஒரே உயிர், ஹால் ஜன்னலுக்குப் பக்கத்தில் மண் தொட்டியில் நின்ற சேகோ பனை. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம் மனைவி அதை வாங்கி வந்தாள். அப்போது ஒரு வெங்காயம் அளவு கிழங்கும் இரண்டு ஓலையும் இருந்தன. பதினாறு வருஷத்தில் அது தேங்காய் அளவுக்குத் தண்டு கட்டி, ஊசி ஊசியான பச்சை ஓலைகளை வட்டமாக விரித்து நின்றது. பதினாறு வருஷத்துக்கு ஒரு தேங்காய் என்றால் நம்மவரால் தாங்க முடியுமா? ஆனால் மனைவி தாங்கினாள். அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கண்ணாடிக் குழாயை ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, அதுவாகத் தெளியும்வரை காத்திருப்பதுதான் அவளுடைய தொழில். பத்து நாளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். வருஷத்துக்கு ஒருமுறை தண்டின் உச்சியில் பழுப்பு நிறத்தில் கம்பளி போலப் பூத்து, நடுவிலிருந்து குருத்து கிளம்பும். சுருண்டு கிளம்பும் குருத்துகள் ஒரு மாதத்தில் எல்லாம் ஒன்றாக விரியும். அந்த ஒரு மாதமும் அவள் வேலைக்குப் போகும்போது ஒருமுறையும் வந்ததும் ஒருமுறையும் அதன் முன்னால் நின்று பார்ப்பாள். வேறு எதற்காகவும் அந்த வீட்டில் அவள் அப்படி நின்றதில்லை.

நான் கதை சொல்லும் வருஷம் அந்தச் செடியில் இரண்டு விசேஷம். ஒன்று, உச்சியில் கம்பளி பூத்து, குருத்து இன்றோ நாளையோ என்று நின்றது. இன்னொன்று, தண்டின் அடியில், மண்ணோடு மண்ணாக, உருளைக்கிழங்கு போல ஒரு பக்கக்கன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் கன்று. மகளுக்கு வேற்றூரில் முதல் வேலை கிடைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். "நீ போகும்போது இதைப் பிரிச்சு உனக்குத் தர்றேன். உன்னோட ரூம்ல வச்சுக்கோ" என்று மனைவி சொல்லியிருந்தாள். மகள் தினமும் குனிந்து அந்தக் கிழங்கை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். ஊருக்கு எடுத்துப்போக அவள் ஆசையாகக் கேட்டது அது ஒன்றுதான். இதெல்லாம் நம்மவருக்குத் தெரியுமா? அவர் இருக்கும்போதுதான் பேசினார்கள். ஆனால் அவர் அப்போது ஹாலில் சோபாவை இன்னும் எங்கே போட்டால் இடம் கிடைக்கும் என்று மனத்துக்குள் அளந்துகொண்டிருந்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாள் பக்கத்து ஊரில் புது இயந்திரத்துக்கான பயிற்சிக்கு மனைவி போக வேண்டியிருந்தது. வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் திரும்பினாள்.

"ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாளைக்கு எல்லாம் இருக்கு. சேகோவைத் தொடாதீங்க. குருத்து வர்ற நேரம்."

"சரி."

"தண்ணிகூட வேணாம்."

"சரின்னு சொல்றேன்ல."

பெரிய தொட்டிக்காரரிடம் ஒன்றைத் தொடாதே என்று சொல்வது அதன்மேல் விளக்கு போட்டுக் காட்டுவதற்குச் சமம். அதுவரை அவர் கண்ணுக்கு அது ஹாலில் இருந்த ஒரு பச்சை. மனைவி படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும் போய் நின்று பார்த்தார். தொட்டியின் அடித்துளை வழியாக வேர் ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. போதாதா? அவருக்கு மனம் கசிந்தது. பதினாறு வருஷமாக ஒரு வாயில்லா உயிர் இந்தக் குறுகலுக்குள் மூச்சுமுட்டிக் கிடந்திருக்கிறது, இந்த வீட்டில் அதைக் கேட்க ஒரு நாதி இல்லை. ஒரு மணி நேரத்தில் அவர் நர்சரியில் இருந்தார்.

நர்சரி நடத்தும் அம்மாள் செடிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர் போல இருப்பார். நம்மவர் கை வைத்த நீல நிறத் தொட்டியைப் பார்த்ததும், "மரம் வைக்கப்போறீங்களா சார்?" என்று கேட்டார்.

"சேகோ. இவ்வளவு உயரம்" என்று நம்மவர் முழங்காலைக் காட்டினார்.

"அதுக்கு இது எதுக்கு? அந்தச் செடிக்கு வேர் நெருக்கமா இருந்தாதான் பிடிக்கும். மாத்தியே ஆகணும்னா ரெண்டு விரல் பெரிசா எடுங்க, மணல் கலந்து போடுங்க. குருத்து ஏதாவது தெரியுதா?"

"கம்பளி மாதிரி இருக்கு."

"அப்ப இப்போ தொடவே கூடாது சார். அது விரிஞ்சு முடியட்டும்."

நம்மவர் சிரித்தார். இந்தச் சிரிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். தொழில் தெரிந்தவர் சொல்லுவதைக் கேட்கும்போது இந்த இனம் சிரிக்கும் சிரிப்பு, அடுத்தவருடைய சின்ன மனத்தை மன்னித்து விடுகிற சிரிப்பு. "நீங்க இன்னைக்கு இருக்கிற செடியைப் பார்க்கிறீங்கம்மா. நான் நாளைக்கு வரப்போற செடியைப் பார்க்கிறேன்" என்றார். நாளைக்கு வரப்போகும் செடிக்காக நீலத் தொட்டியும் ஒன்பது மூட்டை மண்ணும் வண்டியில் ஏறின. கொழுத்த எருமண். மணல் வேண்டாம் என்றுவிட்டார். மணலில் என்ன சத்து இருக்கிறது?

தொட்டியை மூன்று மாடி தூக்கத் தையல்காரர்தான் வந்தார். படியேறும்போது நம்மவர், "நீங்க மறுபடியும் அந்தப் பெரிய கடையை..." என்று ஆரம்பித்தார். தையல்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "எனக்கு எதுவும் சொல்லாதீங்க சார். தூக்கித் தர்றேன்" என்றார்.

தொட்டி ஹாலுக்குள் வந்த பிறகுதான் ஹாலுக்குள் தொட்டிக்கு இடம் இல்லை என்பது தெரிந்தது. இதற்கெல்லாம் கலங்கினால் அவர் பெரிய தொட்டிக்காரரே இல்லை. சோபா மகளின் அறைக்குள் போனது. புத்தக அலமாரி குளியலறை வாசலுக்கு நகர்ந்தது, அதனால் குளிக்கப் போகிறவர்கள் பக்கவாட்டில் நுழைய வேண்டியதாயிற்று. சாப்பாட்டு மேசை சுவரை ஒட்டி நின்றது. நாலு பேர் உட்காரும் மேசையில் இனி இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் கதவைச் சாத்திவிட்டு உட்காரலாம். ஒரு செடி தாராளமாக இருக்க வேண்டும் என்பதற்காக மூன்று மனிதர்கள் ஒடுங்கினார்கள். வேலைக்கான மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போயிருந்த மகள் மத்தியானம் திரும்பி வந்து, தன் கட்டிலுக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்று, "அம்மா வர்றதுக்குள்ள நான் ஊருக்குக் கிளம்பிடவாப்பா?" என்று கேட்டாள். நம்மவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

"கன்னு ஜாக்கிரதைப்பா" என்று சொல்லிவிட்டு அவள் சோபாவைத் தாண்டிக் கட்டிலில் விழுந்து தூங்கிப்போனாள். நம்மவர் பதிலுக்கு "ம்" என்றார். என்ன கன்று என்று அவர் கேட்கவில்லை. பெரிய காரியம் செய்யும்போது சின்னச் சின்னச் சொற்கள் காதில் விழுவதில்லை.

சேகோவின் ஓலை லேசுப்பட்டதல்ல, ஒவ்வொரு நுனியும் ஊசி. முதல் குத்து உள்ளங்கையில், இரண்டாவது மூக்கில். மழைக்கோட்டும், வண்டி ஓட்டும் ஹெல்மெட்டும், அடுப்பில் சூடான பாத்திரம் இறக்கும் கையுறையும் அணிந்துகொண்டு அவர் மறுபடியும் களத்தில் இறங்கினார். ஓலைகளைச் சேர்த்துப் பழைய நாடாவால் கட்டினார். இழுத்துப் பார்த்தார். செடி வரவில்லை. பதினாறு வருஷம் இருந்த இடத்தை விட்டு யார்தான் சட்டென்று வருவார்கள்? சுத்தியலை எடுத்தார். மண் தொட்டி நாலு துண்டாக விழுந்தது. வேர்கள் மட்டும் தொட்டியின் வடிவத்திலேயே, தொட்டி இன்னும் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அப்படியே நின்றன.

"பாவமே, இப்படியா நெளிஞ்சு கிடந்தே?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டார். செடி ஒன்றும் சொல்லவில்லை. இந்த இனத்துக்குச் செடிகள் பிடிப்பதற்கு அதுவே காரணம்.

வேரைத் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கமாக, பவளக்கொத்து போல, முடிச்சு முடிச்சாக ஏதோ முளைத்திருந்தது. வேர் என்றால் நூல்போல இருக்க வேண்டாமா? இது என்ன முண்டும் முடிச்சும்? நோய்தான், சந்தேகமே இல்லை. சரியான நேரத்தில் பார்த்தோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு, ரொட்டி வெட்டும் கத்தியால் ஒரு முடிச்சு விடாமல் சீவி எறிந்தார். அப்போதுதான் தண்டின் அடியில் இன்னும் பெரிதாக ஒன்று தென்பட்டது. உருண்டையாக, பழுப்பாக, அழுத்தினால் அமுங்காமல். கட்டி. நோய் எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது பாருங்கள். கத்தி நாலு இழுப்பு இழுத்தது. கட்டி உருண்டு போய்க் குப்பைச் சாக்கில் விழுந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. செடி அவர் மடியில் கிடந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ஆச்சு."

"என்ன, குரல் குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "லேசா ஜலதோஷம்."

"சேகோவைத் தொடலைல்ல?"

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். இப்போதும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். ஜலதோஷம் மறுநாள் நிஜமாகவே வந்தது.

நீலத் தொட்டியில் செடியை வைத்ததும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இவ்வளவு பெரிய தொட்டியில் அவ்வளவு சின்னச் செடி சாயாமல் என்ன செய்யும்? சாயாமல் இருக்கத் தண்டை மூடி மண் போட்டார். இன்னும் ஆடியது. இன்னும் போட்டார். தண்டு மறைந்தது, கம்பளி மறைந்தது, ஓலைகள் மட்டும் மண்ணிலிருந்து நேராகக் கிளம்பின. கழுத்துவரை புதைந்த ஆள் தலைமுடியை மேலே தூக்கிக் கட்டியது போல இருந்தது. கடைசியாக, பத்து நாளுக்கு ஒரு டம்ளர் குடித்து நாக்கு வறண்டிருந்த அந்த உயிருக்கு, ஒரு முழு வாளித் தண்ணீர். "குடி, நல்லாக் குடி" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நான் கேலிக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது.

ஞாயிறு சாயங்காலம் மனைவி வந்தாள். கதவைத் திறந்தவள் பையை இறக்கவில்லை. மேசையைப் பார்த்தாள், குளியலறை வாசலில் அலமாரியைப் பார்த்தாள், இரண்டு பேர் உட்கார்ந்து குளிக்கலாம் போலிருந்த நீலத் தொட்டியைப் பார்த்தாள். நம்மவர் பாராட்டுக்குத் தயாராக ஒரு பக்கம் நின்றார். கன்று மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும் என்று நம்பியிருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு பக்கம் நின்றாள்.

"கன்னு எங்க?" என்றாள் மனைவி.

"எந்தக் கன்னு?"

"அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சே. உருளைக்கிழங்கு மாதிரி."

நம்மவர் முகம் மெல்ல மாறியது. "அது கட்டி இல்லையா?"

"கட்டின்னு எந்த லேப்ல டெஸ்ட் பண்ணீங்க?"

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். முடிச்சு வேர்களையும் நோய் என்று சீவிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டபோது, "காத்துல இருந்து அதுக்குச் சத்து எடுத்துக் குடுக்கிற வேர் அது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளைப் பார்த்தாள். மகளின் கண் நிறைந்திருந்தது. குப்பைச் சாக்கைக் காலையிலேயே தையல்காரர் கீழே கொண்டுபோய்விட்டார், குப்பை வண்டியும் வந்து போய்விட்டது. மூன்று பள்ளி, மூன்று தோழி, இப்போது இது.

இருந்தாலும் தாயும் மகளும் படியிறங்கிப் போய்த் தையல்காரரிடம் கேட்டார்கள். அவர் மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாக்குல கிடந்துச்சே, அதுவா? கல்லு மாதிரி கெட்டியா இருந்துச்சு, எறிய மனசு வரலை. விசிறிக் காத்துக்குத் துணி பறக்காம இருக்க வச்சிருக்கேன்" என்று வெட்டுப் பலகையைக் காட்டினார். அளவு போட்ட சட்டைத் துணியின்மேல், வெட்டுப்பட்ட பக்கம் நன்றாக உலர்ந்து, கன்று உட்கார்ந்திருந்தது. மகள் அதை இரண்டு கையாலும் எடுத்தாள். தையல்காரர் காலிப் பட்டன் டப்பா ஒன்றைத் தட்டிக் கொடுத்து, குத்தூசியால் அடியில் நாலு ஓட்டையும் போட்டுக் கொடுத்தார். "ரொம்பச் சின்னது" என்று சங்கோஜப்பட்டார். "இது போதும் அண்ணா" என்றாள் மகள்.

மேலே வந்த மனைவி பெரிய செடியைப் பிடுங்கவில்லை. இன்னொரு முறை அசைத்தால் குருத்து தாங்காது என்று அவளுக்குத் தெரியும். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டீஸ்பூனால் கம்பளியைச் சுற்றியிருந்த ஈரமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆத்திரத்தைவிட வருத்தம் தாங்கவில்லை. நம்மவர் பின்னால் நின்று, "ரெண்டு வாரம் பாரு. பழகிக்கும்" என்றார்.

மகள் பட்டன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். சேகோ பழகவில்லை. முதலில் கீழ் ஓலைகள் மஞ்சளாயின. "பழைய இலை போனாத்தானே புது இலை வரும்?" என்றார் நம்மவர். பிறகு குருத்து கிளம்பியது, ஒரு விரல் அளவு வந்து, கறுத்து, சுருண்டபடியே நின்றுவிட்டது. "யோசிக்குது" என்றார். ஆறாவது வாரம் மனைவி தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போனது. பதினாறு வருஷம் கட்டிய தேங்காய் அழுகிக் கூழாகியிருந்தது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து ஜன்னலருகே சும்மா நின்றாள், வேலைக்குப் போகும்போதும் வந்ததும் நிற்பாளே, அந்த இடத்தில்.

நம்மவர் அன்று சாப்பிடவில்லை. தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெகுநேரம் அந்த மண்ணையே பார்த்தார். செய்தது தப்பு என்று அவருக்கும் உறைத்துவிட்டது போல முகம் இருந்தது. மனைவிக்கே மனம் இளகி, பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, தழுதழுத்த குரலில் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் பெரிய தொட்டியா வாங்கியிருக்கணும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

ஒரு வருஷம் கழித்து இருவரும் மகளைப் பார்க்கப் போனார்கள். அவளுடைய அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அடுப்பு. எழுந்து நின்றால் எல்லாமே கைக்கு எட்டும். அவள் முகத்தில், மூன்று பள்ளியிலும் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. ஜன்னல் கட்டையில் பட்டன் டப்பா, டப்பாவில் கன்று, கன்றின் உச்சியில் ஒரே ஓர் ஓலை. ஒரு சாண் நீளம், புத்தம் புதுப் பச்சை. மனைவி பை தோளில் இருக்கும்போதே அதன் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

நம்மவர் வீட்டிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த விளிம்பு உடைந்த கப்பில் டீ குடித்தார். குடித்துக்கொண்டே பார்த்தார். டப்பாவைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், மறுபடியும் டப்பாவைப் பார்த்தார். வலது கை தானாக விரிந்து காற்றில் சாண் போட்டது.

"அப்பா" என்றாள் மகள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

கிளம்பும் நேரம். இரண்டாவது மாடிப் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர் நின்றார். "குடையை மறந்துட்டேன். நீ இங்கயே இரு, எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் போதும். நெருக்கடியில் தவிக்கும் அந்தக் குழந்தையை அவர் ஒன்றும் செய்யப்போவதில்லை. லேசாகத் தூக்கி, அடியில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று மட்டும் பார்க்கப்போகிறார். அவ்வளவுதான். அவர் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார்.

கதவைத் தட்டுவதற்குக் கையை ஓங்கும்போதே கதவு திறந்தது. முழுவதும் அல்ல. குடை நுழையும் அளவுக்கு. அந்த இடுக்கு வழியாகக் குடை கைப்பிடியை முன்னால் நீட்டிக்கொண்டு வெளியே வந்தது, குடைக்குப் பின்னால் மகளின் கை வந்தது.

"பார்த்துப் போங்கப்பா" என்றாள் மகள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அவர் கீழே வந்து மனைவி பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். குடையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"கதவைக்கூட முழுசாத் திறக்கலை" என்றார்.

மனைவி எழுந்து, அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தாள். "பழகிக்கும்" என்றாள்.

இதைப் படித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்த யாரையோ நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு வருஷம் ஆகியும் அந்தக் கன்று இன்னும் பட்டன் டப்பாவிலேயே இருக்கிறது என்று படித்தீர்களே, அங்கே ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'இந்நேரம் கொஞ்சம் பெரிசாக ஒன்று வாங்கி மாற்றியிருக்கலாமே' என்று மனத்துக்குள் ஓடியதா? ஓடவில்லை என்றால் நல்லது. ஓடியிருந்தால், அடுத்த முறை யார் வீட்டுக்காவது போய்விட்டுக் கிளம்பும்போது சற்றே கவனியுங்கள். நீங்கள் எதையும் மறந்துவிட்டுப் போய்விடக் கூடாது என்பதில் வீட்டில் எல்லாரும் அவ்வளவு அக்கறையாக, உங்கள் குடையை ஏற்கெனவே கையில் எடுத்து வைத்துக்கொண்டு நிற்கிறார்களா என்று.